வலை போடாமல் வஞ்சிரம்: புதுச்சேரி தூண்டில்காரர்களின் கணக்கு

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் ஒரே அளவுள்ள இரண்டு வஞ்சிரத்துக்கு இரண்டு விலை சொல்வது உண்டு. ஏன் என்று கேட்டால், "இது தூண்டில்ல வந்ததும்மா" என்று பதில் வரும். வெளியூர்க்காரர்களுக்கு இது வியாபாரப் பேச்சாகத் தோன்றும். சில நேரம் வெறும் வியாபாரப் பேச்சாகவும் இருக்கும். ஆனால், அதற்குப் பின்னால் உள்ள காரணம் உண்மையானது.

செவுள் வலையை மாலையில் விரித்து விடியலில் இழுப்பார்கள். முன்னிரவில் சிக்கிய மீன் செத்து, விடியும் வரை வெதுவெதுப்பான கடல் தண்ணீரிலேயே தொங்கும். வலை நூல் இறுக்கிய இடத்தில் சதை நசுங்கும். தூண்டிலில் மாட்டிய மீனோ சில நிமிடங்களில் உயிரோடு படகுக்கு வந்துவிடும். உடனே ரத்தம் வடித்து ஐஸில் வைத்தால் அதன் சதை இரண்டாம் நாளும் கெட்டியாக நிற்கும். வாங்கும்போது செவுளைச் சுற்றி நூல் அறுத்த தடம் இருக்கிறதா, வாயோரத்தில் தூண்டில் கிழித்த காயம் இருக்கிறதா என்று பார்த்தாலே எந்த மீன் எப்படி வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வடக்கே கனகசெட்டிகுளம், காலாப்பட்டு, நகரத்தை ஒட்டி வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், தெற்கே வீராம்பட்டினம், நல்லவாடு, மூர்த்திக்குப்பம் என்று புதுச்சேரிக் கரையில் வரிசையாக மீனவர் ஊர்கள். ஒரு காலத்தில் இங்கெல்லாம் கட்டுமரம்தான். 2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் பெருகின. சிறிய இன்ஜின் பூட்டிய பைபர் படகில் மூன்று, நான்கு பேர் போகலாம். இழுவலை போடும் விசைப்படகோடு டீசல் செலவில் இது போட்டி போட முடியாது. அதனால் குறைவாகப் பிடித்து நல்ல விலைக்கு விற்பதுதான் இவர்களுக்குக் கட்டுப்படியாகும் வழி. வஞ்சிரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும் நாள்களும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் ஐந்து கிலோ மீன் இரண்டு கிடைத்தாலே அன்றைய பாடு தீர்ந்துவிடும்.

ஓடும் படகு, ஓடும் இரை

வஞ்சிரம் துரத்திக் கடிக்கும் மீன். நின்ற இரையை விட ஓடும் இரையைத்தான் அதிகம் நம்பும். அதனால், படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே தூண்டிலைப் பின்னால் இழுத்துப் போகிறார்கள். ரப்பாலா போன்ற பிளாஸ்டிக் மீனையோ பளபளக்கும் தகட்டையோ கட்டினால் மணிக்கு எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் வேகம் சரியாக இருக்கும். உண்மையான மீனை இரையாகக் கோத்தால் அதில் பாதி வேகம் போதும். இல்லாவிட்டால் இரை பிய்ந்துவிடும்.

இரைக்குக் கவலை, மத்தி, கானாங்கெளுத்தி, கோலா, கணவாய் எல்லாம் உதவும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வஞ்சிரம் இரையை முழுதாக விழுங்காது. வால் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டு போய்விடும். தலையில் மட்டும் முள் குத்தினால் அரை மீன்தான் திரும்பி வரும். அதனால் தலையில் ஒன்று, வாலுக்குப் பக்கத்தில் ஒன்று என இரண்டு முள் கோப்பார்கள். அதன் பல்லுக்குத் தங்கூசி நரம்பு எம்மாத்திரம்? முள்ளுக்கு மேலே ஒரு முழம் ஸ்டீல் கம்பி கட்டாயம்.

மீன் மாட்டியதும் முதல் ஓட்டத்தைத் தடுக்கக் கூடாது. நரம்பை விட்டுக்கொடுத்து, மீன் களைத்த பிறகே இழுக்க வேண்டும். நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுப்பது விரலைப் பறிகொடுக்கும் வேலை. துணியோ ரப்பர் உறையோ இல்லாமல் பெரிய மீனோடு மல்லுக்கட்டக் கூடாது.

இடம் கண்டுபிடிப்பதுதான் பெரிய வித்தை. ஆலாப் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் பாய்ந்தால் கீழே சிறு மீன் கூட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே பெரிய மீன் இருக்கும். தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் வெள்ளம் வந்தால் கடலில் கலங்கல் பரவும். கலங்கல் தண்ணீருக்குள் தூண்டில் போட்டுப் பயனில்லை. ஆனால், கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஓட்டினால் பலன் கிடைக்கும். கடலுக்கு அடியில் உள்ள பாறைத் திட்டுகளை 'பார்' என்பார்கள். முன்பு கலங்கரை விளக்கத்தையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பாரைக் கணித்தார்கள். இப்போது அது ஜி.பி.எஸ். கருவியில் எண்ணாகப் பதிந்திருக்கிறது.

பாரின் மேல் படகை நிறுத்திக் கைத்தூண்டில் இறக்கினால் கலவா, சங்கரா, பாறை வரும். பாறை மீன் மாட்டியவுடன் கல் இடுக்குக்குள் ஓடப் பார்க்கும். அங்கே மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மயில் கோலா என்கிற மயில் மீன் விசிறி போன்ற முதுகுச் செதிலும் ஈட்டி மூக்கும் கொண்டது. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்கு உலகம் முழுக்க இது கனவு மீன். அவர்களில் பலர் படம் எடுத்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். நம்மூர் மீனவருக்கு அது கட்டுப்படியாகாது. ஆனாலும் வஞ்சிர விலை இதற்குக் கிடைக்காது என்பதால் இதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சென்னை, புதுச்சேரிப் பக்கம் 'ஷீலா' என்றால் நீண்ட பல் கொண்ட ஊளி மீன். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் 'சீலா' என்றால் வஞ்சிரமேதான். ஊர் மாறி மீன் வாங்குகிறவர்கள் பெயரை நம்பாமல் மீனைப் பார்த்து வாங்குவது நல்லது.

தூண்டிலில் வரும் இன்னொரு பெரிய மீன் கடல் விரால். பெயரைக் கேட்டு, பண்ணைக் குட்டையில் வளர்க்கலாமா என்று கேட்கிற விவசாயிகள் உண்டு. நம் வயல் விராலுக்கும் இதற்கும் உறவில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் 2010இல் இதைக் குஞ்சு பொரிக்க வைத்தது. கடல் கூண்டிலும் உவர்நீர்க் குளத்திலும் வளரும். நன்னீர்க் கிணற்றுப் பாசனக் குட்டைக்கு ஆகாது.

ஆழ்கடல் சூரைக்கு வேறு முறை. நீண்ட கயிற்றில் வரிசையாக நூற்றுக்கணக்கான முட்களைத் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டில் அது. பாக் விரிகுடா இழுவலைப் படகுகளை இந்த முறைக்கு மாற்ற 2017இல் மானியத் திட்டம் வந்தது. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். பைபர் படகுக்காரர் எட்டிப் பிடிக்கிற தொகை அல்ல.

சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி மூன்றுக்கும் ஐஸ் விஷயத்தில் சமரசமே கூடாது. வெயிலில் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு, வயிற்றுப்போக்கு வரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதே நம் வெப்பத்துக்கு ஏற்ற அளவு.

காற்றும் அலையும்

சிறிய படகில் தொலைவு போகிறவருக்கு மீனை விட வானிலைதான் முக்கியம். இதில் புதுச்சேரி ஊர்கள் நாட்டுக்கே முன்னோடி. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வந்த அலை உயரக் கணிப்பை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்து ஊருக்குப் போன் செய்தார். அந்த ஊர் ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டு மக்கள் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள்.

இன்று ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும், செயற்கைக்கோள் படத்தை வைத்து மீன் கூடும் இடங்களையும் கணித்துச் சொல்கிறது. செல்போனிலேயே பார்க்கலாம். இவ்வளவு இருந்தும், லைப் ஜாக்கெட்டைப் படகின் மூலையில் போட்டுவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் தீரவில்லை. தேங்காய்த்திட்டு துறைமுக முகத்துவாரம் மணல் தூர்ந்துபோகும்போது ஆழ்கடலை விட அந்த வாயிலில்தான் ஆபத்து.

இரையே பிரச்னை

தூண்டில்காரர்களின் இன்றைய கவலை கவலை மீன்தான். மத்தியும் கவலையும் கரையோரம் திரண்டால்தான் அவற்றைத் துரத்திப் பெரிய மீன் வரும். தூண்டிலுக்கு இரையும் கிடைக்கும். சுருக்குமடி வலை அந்தக் கூட்டத்தை ஒரே வளைப்பில் அள்ளிவிடும். தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டிலேயே அதற்குத் தடை வந்தது. 2021 ஆகஸ்டில் இந்த வலைக்காக வீராம்பட்டினத்தாரும் நல்லவாட்டாரும் மோதிக்கொண்டார்கள். போலீஸார் வானத்தை நோக்கிச் சுடும் அளவுக்குப் போனது. பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே சமூகம், பெண் கொடுத்து எடுக்கிறவர்கள்.

சுருக்குமடிக்காரர்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. கடன் வாங்கிப் போட்ட வலை, அதை நம்பிய பல குடும்பங்கள். தமிழ்நாட்டு வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு கொடுத்தது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு, அதாவது சுமார் 22 கிலோமீட்டருக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை சுருக்குமடி போடலாம் என்பது அது. அந்தக் கோட்டுக்கு உள்ளே மீன் பிடிக்கிற தூண்டில்காரருக்கு இது பாதுகாப்புதான். ஆனால் கடலில் கோடு தெரியாது. திங்களும் வியாழனும் எந்தப் படகு எங்கே வளைக்கிறது என்று கண்காணிக்க ஆளும் படகும் வேண்டும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. கட்டுமரத்துக்கும் நாட்டுப் படகுக்கும் விலக்கு உண்டு. அந்த இரண்டு மாதமும் மார்க்கெட்டில் பெரிய படகு மீன் இருக்காது. தூண்டில்காரருக்கு நல்ல விலை கிடைப்பது அப்போதுதான்.