கண்மாய்க் கரையே பாதை
(சக்கரத் தடம் – 11: மதுரை)

மதுரையில் விடியற்காலை சுற்றுச்சாலைப் பக்கம் போனால் தலைக்கவசமும் பளபளக்கும் உடையுமாகச் சைக்கிள் கூட்டம் ஒன்று பறந்துகொண்டிருக்கும். வேகம் பழக அது சரியான இடம்தான். ஆனால், பார்க்க அங்கே என்ன இருக்கிறது? பக்கவாட்டில் உரசிப்போகும் லாரிகளைத் தவிர ஒன்றுமில்லை.

இந்த ஊரில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை தேடி அலைய வேண்டியதில்லை. தண்ணீருக்காகப் போட்ட கரைகளே போதும். கால்வாய் வெட்டுகிறவர்கள் மட்டம் பார்த்துத்தான் வெட்டுவார்கள். சரிவு கூடினால் தண்ணீர் கரையை அறுத்துவிடும். அதனால் கால்வாயை ஒட்டிப் போகிறவனுக்கு மூச்சிரைக்கும் ஏற்றமே வராது. கியர் சைக்கிள் வாங்கக் கடன் கேட்டு நிற்காதீர்கள். வீட்டில் துருப்பிடித்துக் கிடப்பதற்கு எண்ணெய் விட்டால் போதும்.

முதலில் அழகர்கோவில் சாலை. தல்லாகுளத்தில் கிளம்பி, அப்பன்திருப்பதி தாண்டினால் கள்ளந்திரி. பெரியாறு பிரதானக் கால்வாய் இங்கே வருகிறது. மேற்கே கேரளத்துப் பக்கம் ஓடிய ஆற்றை மறித்து 1895இல் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்தார்கள். மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. பாசனக் கணக்கில் கள்ளந்திரி ஓர் எல்லைக்கல். இதுவரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகம். இதற்கப்பால் மேலூர்ப் பக்கம் உள்ள 85,563 ஏக்கர் ஒருபோகம். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட ஆண்டில் ஜூலை வாக்கில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் நாற்றங்கால், இன்னொரு பக்கம் தரிசு. அரசாணையில் உள்ள கோடு தரையில் நிறமாகத் தெரியும். காரில் போகிறவர் இதைத் தவறவிடுவார். நடந்து போகிறவருக்கு இரண்டு பக்கத்தையும் பார்த்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும்.

அங்கிருந்து கிழக்கே கிராமச் சாலைகளில் திரும்பினால் மாங்குளம், அதற்கப்பால் அரிட்டாபட்டி. மாங்குளம் பக்கத்து மலையில் நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. 1882இல் ராபர்ட் சீவெல் கண்டது. மலையேற வேண்டும் என்பதால் சைக்கிள் பயணத்தோடு அதைச் சேர்க்காதீர்கள். கால் இரண்டு வேலைக்கும் ஒத்துழைக்காது.

அரிட்டாபட்டிக்கு மட்டும் ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். கருங்கல் குன்றுகள், அவற்றின் மடியில் ஏரிகள், சுனைகள். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைச் சிவன் கோயில் ஒன்று. அதன் முகப்பில் கையில் தண்டத்தோடு, சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசர் அமர்ந்திருக்கிறார். தமிழ்நாட்டில் அவரைப் பார்ப்பது அபூர்வம். பாறை இடுக்குகளில் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில் அதே பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்தது! மேலூர் வட்டாரமே திரண்டு மதுரை வரை ஊர்வலம் வந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. வெளியாட்கள் வந்து படம் எடுத்தால் ஊர்க்காரர்கள் ‘எங்கிருந்து வர்றீக?’ என்று விசாரிப்பார்கள். சந்தேகப்பட அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். பேச்சு வளர்ந்தால் வழியும் கிடைக்கும், குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்கிறவர்களுக்கு மேற்கே கீழக்குயில்குடி. சமணர் மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம், தாமரைக் குளம். கோயில் பக்கத்துப் படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம்; ஒரே வரிசையில் எட்டுச் சமணச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துகள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுக்காரர்கள் தூங்குவதற்கும் தவம் செய்வதற்கும் தேர்ந்தெடுத்த இடம் சைக்கிள்காரன் இளைப்பாறவும் ஏற்றதாக இருக்கிறது. திரும்பும்போது திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாய் வழியாக வாருங்கள். மழைக்குப் பின் கண்மாய் நிறைந்திருந்தால் குன்று முழுசாகத் தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கும்.

கீழடியையும் சைக்கிளில் எட்டிவிடலாம். தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அருங்காட்சியகம் அருமை, சாலை அருமையில்லை. நான் பஸ்ஸில் போகச் சொல்வேன்.

இனி, கரையில் ஓட்டுகிறவர்களின் நிரந்தர எதிரியைப் பற்றி. சீமைக்கருவேல முள். கண்மாய்க்குள் மண்டிக் கிடப்பதை விறகுக்கு வெட்டி, கரை வழியாகத்தான் இழுத்துப் போவார்கள். உதிர்ந்த முள் எந்த டயரையும் விடாது. மாற்று டியூபும் கைப்பம்பும் இல்லாமல் கிளம்பினால் திரும்பும் வழி உருட்டுவழிதான். நாய்கள் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்துவிடுங்கள். பெரும்பாலும் அதற்கப்புறம் அவற்றுக்கு ஆர்வம் போய்விடும்.

மாநகராட்சிக்கும் நீர்வளத்துறைக்கும் ஒரு வேண்டுகோள். கண்மாய்களை அழகுபடுத்துகிறோம் என்று கரை முழுக்க வழவழப்பான கல் பதிக்காதீர்கள். முள்ளை அகற்றி, மண்ணை இறுக்கி, ஓரத்தில் புங்கமும் மருதமும் வைத்தால் அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

வாசகர்களுக்கு என் சிபாரிசு: ஒரே ஒரு காலைதான் கிடைக்கும் என்றால் கீழக்குயில்குடி. ஞாயிறு முழுக்கக் கையில் இருந்தால் கள்ளந்திரி வழியாக அரிட்டாபட்டி. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே பாறை சுடும்.