ஹார்டு டிஸ்க் போச்சா? முதலில் ஃபைலைக் காப்பாத்துங்க, அப்புறம் விண்டோஸ் போடலாம்!

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வானூர் வட்டத்தில், கடலை ஒட்டியிருக்கும் பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களுக்குப் புயலும் புதிதல்ல, கடலரிப்பும் புதிதல்ல. இப்படிப்பட்ட நாட்களில் அரிசி, துணிமணி, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பரண் மேல் ஏற்றிவிடுகிறோம். மேசைக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டரை மறந்துவிடுகிறோம். பிள்ளையின் காலேஜ் புராஜெக்ட், கல்யாண போட்டோ, ஸ்கேன் செய்து வைத்த பத்திரம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

வெள்ளம் மட்டுமல்ல, அடிக்கடி வரும் மின்தடை, உப்புக்காற்று, கைதவறிக் கீழே விழுவது என ஹார்டு டிஸ்க் பழுதாக ஆயிரம் காரணங்கள் உண்டு. பழுதானால் என்ன செய்யலாம்? அதைவிட முக்கியம், என்ன செய்யக்கூடாது?

முதல் வேலை: ஆஃப் பண்ணுங்க

ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. அவற்றுக்கு மேலே, ஒரு தூசியைவிடக் குறைந்த இடைவெளியில், படிக்கும் முனை பறந்துகொண்டிருக்கும். அந்த முனை தட்டில் உரசினால், உரசிய இடத்தில் இருக்கும் ஃபைல்கள் போய்விடும். பழுதான டிஸ்க்கை மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பது, புண்ணைச் சொறிவது மாதிரி.

எனவே, 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். திரையில் வந்த பிழைச் செய்தியை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள், பழுது பார்ப்பவருக்கு உதவும். தண்ணீரில் நனைந்திருந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், லேப்டாப் என்றால் கழற்ற முடிந்தால் பேட்டரியையும் கழற்றுங்கள். 'காஞ்சிடுச்சா பார்ப்போம்' என்று ஆன் செய்ய வேண்டாம். அரிசிக்குள் புதைப்பது, ஹேர் டிரையரில் காய வைப்பது, வெயிலில் வைப்பது எதுவுமே வேண்டாம். டிஸ்க்கின் மூடியை வீட்டில் திறக்கவே கூடாது.

எந்த வகைப் பழுது?

பழுதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, டிஸ்க் நன்றாக இருக்கும், விண்டோஸ் மட்டும் கெட்டிருக்கும். சத்தம் எதுவும் வராது, ஆனால் திரை நீலமாகி நிற்கும். மற்றொன்று, டிஸ்க்கே கெட்டிருக்கும். சத்தம் வரும், அல்லது கம்ப்யூட்டர் டிஸ்க்கையே கண்டுகொள்ளாது.

முதல் வகை என்றால் கவலை குறைவு. டிஸ்க்கைக் கழற்றி ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால் ஃபைல்களை காப்பி செய்துகொள்ளலாம். அப்போது 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் 'கேன்சல்' மட்டும்தான் கொடுக்க வேண்டும். பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், மொபைலிலேயே பார்த்துவிடலாம். ஃபைல்கள் கண்ணில் படவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. மீட்ட ஃபைல்களை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள்.

இரண்டாம் வகை என்றால், தூசியில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனத்திடம்தான் போக வேண்டும். செலவு அதிகம். மீட்பு உறுதியும் இல்லை. கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு ஆகும்? ஃபைல் கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா? பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவீர்களா? பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். உங்கள் ஆதார் நகலும் வங்கி விவரமும் அதற்குள் இருக்கின்றன அல்லவா!

செலவு செய்யும் முன் ஒரு பட்டியல்

எல்லாவற்றையும் மீட்கத் தேவையில்லை. மறுபடி கிடைக்கக்கூடியது எது, கிடைக்காதது எது என்று பிரித்து எழுதுங்கள்.

• சாதி, வருமான, இருப்பிடச் சான்றிதழ்கள்: இ-சேவை மூலம் பெற்றிருந்தால் மறுபடி பதிவிறக்கலாம்.
• பட்டா, சிட்டா: வருவாய்த் துறையின் இணையச் சேவையில் கிடைக்கும்.
• வில்லங்கச் சான்று: பதிவுத் துறை இணையதளத்தில் பார்க்கலாம்.
• ஆதார், ஓட்டுநர் உரிமம், 10, 12-ம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்: டிஜிலாக்கர் செயலியில் பெறலாம்.

துறைகளே டிஜிலாக்கரில் வழங்கும் ஆவணங்கள், 2016-ம் ஆண்டு விதிகளின்படி அசலுக்கு இணையானவை. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியவைக்கு அந்த மதிப்பு இல்லை. காகித அசலே வெள்ளத்தில் போனால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, சான்றிதழ்களை இழந்தவர்களுக்குக் கட்டணமின்றி மீண்டும் வழங்கச் சிறப்பு முகாம்கள் நடத்தப்பட்டன. இதுபோன்ற அறிவிப்புகளைக் கவனியுங்கள்.

போட்டோ? வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பியது அவர்கள் போனில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். எங்குமே கிடைக்காதது எதுவோ, அதற்கு மட்டும் பணம் செலவழியுங்கள்.

இப்போது விண்டோஸ்

ஃபைல்களை எடுத்து முடித்த பிறகுதான் இந்த வேலை. பழைய டிஸ்க்கிலேயே விண்டோஸ் போட்டால் ஃபைல்கள் அழிந்துவிடும்.

1. புது எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்துங்கள். சுற்றும் பாகம் இல்லாததால் அதிர்ச்சியைத் தாங்கும்.
2. வேறொரு கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் இணையதளத்திலிருந்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் நிறுவியைத் தயார் செய்யுங்கள். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும்.
3. பென்டிரைவைச் செருகி ஆன் செய்து, பூட் மெனுவில் அதைத் தேர்வு செய்யுங்கள். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என நிறுவனத்துக்கு நிறுவனம் பட்டன் மாறும்.
4. அதே கம்ப்யூட்டரில் முன்பு அசல் விண்டோஸ் இருந்திருந்தால், 'புராடக்ட் கீ இல்லை' என்று கொடுத்துத் தொடரலாம். முன்பிருந்த அதே பதிப்பைப் போட்டால், இணையம் வந்ததும் பெரும்பாலும் தானாகவே உரிமம் பதிவாகிவிடும்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டர் என்றால் உபுண்டு, அல்லது சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போடலாம். இரண்டும் இலவசம்.

ஒரு எச்சரிக்கை: 'கம்ப்யூட்டரைச் சரி செய்கிறோம்' என்று தாங்களாகவே போன் செய்து, ஏதாவது செயலியை நிறுவச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

அடுத்த மழைக்கு முன்

முக்கிய ஃபைல்களுக்கு மூன்று பிரதி வேண்டும்: கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, இணையத்தில் ஒன்று. அந்தத் தனி டிஸ்க்கை அதே மேசைக்கடியில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். பாலித்தீன் உறையில் சுற்றி பரண் மேல் வையுங்கள், அல்லது வெளியூர் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கினால் போதும்.