ஆற்றோரக் கூடாரம்: படத்தில் தெரியாததைக் கேட்போம்

டிசம்பர் விடுமுறைக்கு எங்கே போவது என்று முடிவெடுக்க, சிராங்கூன் சாலையில் உள்ள ஓர் உணவகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடினோம். மூன்று குடும்பங்கள், பதினொரு பேர். தோசை வருவதற்குள் சித்தப்பா மகன் கைப்பேசியை நீட்டினான். மலேசியாவில் ஓர் ஆற்றோர முகாம் தளம். பச்சை நிறத் தண்ணீர், வழவழப்பான பாறைகள், ஆற்றிலிருந்து நாலடி தள்ளி ஒரு மஞ்சள் கூடாரம். பக்கத்திலேயே கேரவன் நிறுத்தவும் இடம் உண்டாம்.

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பேராக்கில் தோட்டப்புறத்தில் வளர்ந்த அத்தை மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ராத்திரி மேல மழை பேஞ்சா எந்தப் பக்கம் ஓடுறது?”

யாரிடமும் பதில் இல்லை. முன்பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. அதனால் அந்தக் கேள்வியும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

நமக்குப் பழக்கமில்லாத வேலை

சிங்கப்பூரில் கூடாரம் அடிப்போர் இடத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற பூங்காக்களில் எந்தப் பகுதியில் முகாமிடலாம் என்பதைத் தேசியப் பூங்காக் கழகம் முன்கூட்டியே குறித்துவைத்திருக்கிறது. அனுமதி பெற்றுக்கொண்டு போனால் போதும். சாங்கி முனையில் படகேறி புலாவ் உபினுக்குப் போனாலும் ஜெலுத்தோங், மாமாம் என்று தளங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆறும் அப்படித்தான். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயாக இருந்த கல்லாங் ஆற்றின் பகுதி, 2012ஆம் ஆண்டு 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து ஓடும் இயற்கை ஆறாக மாறியது. அங்கே நீர்மட்டம் உயர்ந்தால் உணர்கருவிகள் கண்டுபிடிக்கும். எச்சரிக்கை விளக்கு எரியும், அபாயச் சங்கு ஒலிக்கும். கரையில் இருப்பவர் மேட்டுக்கு நடந்தால் போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நமக்காக வேறு யாரோ செய்துவிடுவதால், அதை நாம் கற்றுக்கொள்ளவே இல்லை. கடற்பாலத்தைத் தாண்டியதும் அந்த வேலை நம் கைக்கு வருகிறது. பெரும்பாலான வீடுகளில் இணையத்தில் இடம் தேடிப் பணம் கட்டுவது நம்மைப் போன்ற மாணவர்கள்தான்.

தண்ணீரின் தலை

அத்தை பயந்தது எதற்கு என்பதற்கு மலாய் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது: ‘கெப்பாலா ஆயர்’. நேரடிப் பொருள் ‘தண்ணீரின் தலை’. மலை உச்சியில் கனமழை பெய்யும்போது ஓடைகள் ஒன்றுசேர்ந்து ஒரே வேகத்தில் பள்ளத்தாக்கில் இறங்கும். சில நேரங்களில் விழுந்த மரங்களும் பாறைகளும் மேலே தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருக்கும். அந்தத் தடுப்பு உடையும்போது தேங்கியது அனைத்தும் சுவர்போல் வரும். கீழே குளிப்பவர்களின் தலைக்குமேல் வானம் தெளிவாகவே இருக்கலாம்.

2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி கெடாவின் ஜெராய் மலையில் இப்படி இறங்கிய வெள்ளம் உயிர்களைப் பறித்தது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் ஏறி ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

அறிகுறிகள் உண்டு. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது, நீர்மட்டம் சட்டென ஏறுவது அல்லது காரணமில்லாமல் குறைவது. பகலில் இவற்றைக் கவனித்துவிடலாம். இரவில் கூடாரத்துக்குள் தூங்குபவருக்கு ஒன்றும் தெரியாது.

மலைச்சரிவும் அப்படியே. 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியுமுன், சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஒரு பண்ணையின் முகாம் தளத்தின்மேல் சரிவு இடிந்து விழுந்தது. 31 பேர் மாண்டனர், அவர்களில் 13 பேர் சிறுவர்கள். பள்ளி விடுமுறைக்காகக் குடும்பத்தோடு வந்தவர்கள் பலர். பல நாள் தொடர்ந்து பெய்த மழையே முக்கியக் காரணம் என விசாரணை கூறியது. பண்ணை நடத்த அனுமதி இருந்தது, முகாம் தளம் நடத்த உரிமம் இல்லை என்று அதிகாரிகள் தெரிவித்தனர். ஆறு, அருவி, மலைச்சரிவு ஆகியவற்றுக்கு அருகிலுள்ள தளங்களை ஏழு நாள் மூடும்படி அப்போது உத்தரவிடப்பட்டது.

விடுமுறையும் மழையும்

நாள்காட்டியைப் பாருங்கள். நமது ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முடிவு வரை நீள்கிறது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலமும் அதுவேதான். மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலும் ஜோகூரிலும் வெள்ளம் பெருகும் மாதங்கள் இவை. நமக்கு நேரம் கிடைக்கும்போது ஆற்றுக்கு மிக மோசமான நேரம். அதற்காக ஊரே போகக்கூடாது என்பதில்லை. டிசம்பரில் எங்கே தங்குகிறோம் என்பதை மார்ச் மாதத்தைவிட இரு மடங்கு யோசிக்க வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

முதலில் உயரம். கூடாரம் அடிக்கும் இடம் ஆற்றைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்று நடத்துநரிடம் கேளுங்கள். கரையோர மரங்களின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். கிளைகளில் காய்ந்த புல்லும் பிளாஸ்டிக் பையும் சிக்கியிருந்தால், முன்பு தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து முதுகுப்பக்கம். எல்லாரும் ஆற்றைப் படமெடுப்பார்கள், பின்னால் இருக்கும் சரிவை யாரும் எடுப்பதில்லை. புதிதாக வெட்டிய மண், சாய்ந்து நிற்கும் மரங்கள், தரையில் விரிசல், சரிவிலிருந்து கசியும் சேற்றுநீர் ஆகியவை நல்ல அடையாளங்கள் அல்ல.

மூன்றாவது, உரிமம். எந்த உள்ளூராட்சி மன்றம் முகாம் தளத்துக்கு அனுமதி கொடுத்தது என்று நேரடியாகக் கேட்கலாம். முறையாக நடத்துபவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

நான்காவது, வெளியேறும் வழி. உள்ளே வரும் ஒரே பாதை ஆற்றைக் கடக்கும் தாழ்வான பாலமாக இருந்தால், வெள்ளம் வந்தபின் அந்த வழி இருக்காது. கேரவனில் போவோருக்கு இது இன்னும் முக்கியம். கனமான வண்டி ஆற்று மணலில் புதைந்துகொள்ளும், அவசரத்தில் திருப்பவும் முடியாது. கெட்டியான மேட்டு நிலத்தில், முகப்பு வெளிவாசலைப் பார்க்கும்படி முதல் நாளே நிறுத்திவிட வேண்டும்.

ஐந்தாவது, நம் ஆள்கள். முழங்கால் வலியுள்ள தாத்தாவும் மூன்று வயதுக் குழந்தையும் இருட்டில் எவ்வளவு வேகமாக மேடு ஏற முடியும்? கழிவறை எவ்வளவு தூரம்? கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்குமா? மலேசியாவின் அவசர எண் 999. அலைவரிசை இல்லாத பள்ளத்தாக்கில் அந்த எண்ணால் பயனில்லை.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ‘மைச்சுவாச்சா’ செயலி மழை எச்சரிக்கையைத் தருகிறது. ஆறுகளின் நீர்மட்டத்தைப் ‘பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்’ தளத்தில் பார்க்கலாம். முகாம் இருக்கும் ஊரை மட்டுமன்றி, ஆறு எந்த மலையில் பிறக்கிறதோ அந்தப் பகுதியையும் சேர்த்துப் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் கட்டிய முன்பணத்தை நினைத்துத் தயங்கக்கூடாது. தேதியை மாற்ற முடியுமா என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது.

இந்தக் கேள்விகளை மஞ்சள் கூடாரத்துக்காரருக்கு அனுப்பினேன். “இதுவரை ஒன்றும் நடந்ததில்லை” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. வேறு இரண்டு இடங்களைக் கேட்டேன். அவற்றில் ஒன்று, மரக்கிளை, சரிவு, பாதை என எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பியது. அங்கிருந்து ஆற்றுக்குப் பத்து நிமிடம் இறங்கி நடக்க வேண்டும். மழை எச்சரிக்கை இருந்தால் ஆற்றுக்குப் போகும் பாதையை அவர்களே மூடிவிடுவார்களாம்.

பயணத்தை மார்ச் மாதத்துக்கு மாற்றி அந்த இடத்தைப் பதிவுசெய்தேன். டிசம்பரில் பாசிர் ரிஸ்ஸில் ஓர் இரவு கூடாரம் அடித்துப் பழகிக்கொள்வதாக முடிவு.

சித்தப்பா மகனுக்கு மட்டும் வருத்தம். “அங்கிருந்து ஆறே தெரியாதே, அத்தை!” என்றான்.

“சத்தம் கேக்கும்டா,” என்றார் அத்தை. “தூங்குறதுக்கு அது போதும்.”