பதினாறு வயதின் மூன்றாம் சாமம்

சென்னைப் புறநகரான பெருங்களத்தூரில் இரவு முழுதாக அடங்குவதே இல்லை. கடைசி மின்சார ரயில் போன பிறகும் ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும். அதிகாலையில், எழும்பூரைப் பார்த்து வரும் தென்மாவட்ட ரயில்களின் சத்தம் தொடங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில், மணி இரண்டு இரண்டரை இருக்கும்போது, ஹாலில் படுத்திருக்கும் பிளஸ் ஒன் பிள்ளைக்கு முழிப்பு தட்டுகிறது. பழைய கணக்கில் இது மூன்றாம் சாமம். கை தானாகப் போனைத் தேடுகிறது. மணி 2:10. ஐந்து மணிக்கு அலாரம், ஐந்தரைக்கு டியூஷன். ‘இன்னும் மூணு மணி நேரந்தான் இருக்கு’ என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியதும் மிச்சமிருந்த தூக்கமும் ஓடிவிடுகிறது. காலையில் அம்மா கேட்கிறார்: “ராத்திரி பூரா போனை நோண்டிட்டு இருந்தா எப்படிடா தூக்கம் வரும்?”

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. பிள்ளை சோம்பேறி என்று ஒரு தீர்ப்பு. போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்னொன்று. தூக்கத்தை ஆராய்ந்தவர்கள் சொல்வது இரண்டுமில்லை.

முதலில் அந்த நள்ளிரவு விழிப்பு. தூக்கம் ஒரே நீட்டாக ஓடுவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று இரவில் நான்கைந்து சுற்றுகள். ஒவ்வொரு சுற்றும் முடியும் இடத்தில் தூக்கம் மெலிந்து, பல நேரம் ஒரு கணம் விழிப்பும் வந்து போகிறது. பெரும்பாலும் அது நினைவில் நிற்பதில்லை. தான்சானியாவின் ஹட்சா வேட்டைச் சமூகத்தில் 33 பேரின் கையில் கருவி கட்டி 20 நாள் கண்காணித்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. அத்தனை நாளிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கிய நேரம் மொத்தமாகக் கூட்டினால் 18 நிமிடம். மற்ற நேரமெல்லாம் யாராவது ஒருவராவது விழித்திருந்தார். ஆகவே இரவில் ஒருமுறை இருமுறை கண் திறப்பது நோயில்லை. மணி பார்ப்பது, மீதி நேரத்தைக் கணக்கிடுவது, ‘தூங்கியே ஆகணும்’ என்று பதறுவது — இவைதான் ஒரு நிமிட விழிப்பை ஒரு மணி நேரமாக நீட்டுகின்றன.

ஆனால் பதின்ம வயதினருக்கு இதற்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. அவர்களின் உடல் கடிகாரமே பின்னால் தள்ளிப் போய்விடுகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் 1976இல் ஒரு கோடைக்காலத் தூக்க முகாம் தொடங்கினார். பிள்ளைகள் வளர வளரக் குறைவாகத் தூங்குவார்கள் என்பதே அப்போதைய எதிர்பார்ப்பு. ஆண்டுதோறும் அதே பிள்ளைகளை அழைத்து அளந்து பார்த்ததில் அது பொய்த்தது. வாய்ப்புக் கிடைத்தால் பதின்ம வயதினரும் ஒன்பது மணி நேரத்தை ஒட்டியே தூங்கினார்கள். தேவை குறையவில்லை, தூக்கம் வரும் வேளைதான் நகர்ந்திருந்தது. பருவமடையும் காலத்தில், இருட்டியதும் மூளை சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலட்டோனின் முன்பைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. பகல் முழுக்கச் சேரும் தூக்க அழுத்தமும் மெதுவாகவே ஏறுகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்குச் சொக்கி விழுந்த அதே பிள்ளைக்குப் பதினாறு வயதில் பதினொன்றரைக்கும் கொட்டாவி வராததற்குக் காரணம் இதுதான். இந்த நகர்வு இருபது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் திரும்புகிறது.

உடலுக்குள் கடிகாரம் ஓடுகிறது என்பதை நேரில் பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே அந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நம் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டிய கதை அது.

எம்.கே. சந்திரசேகரன் (1937–2009) தம் ஆராய்ச்சியைச் சென்னைக் கடற்கரையில் தொடங்கியவர். அலை வந்து போகும் இடத்தில் மணலுக்குள் புதையும் சிறு நண்டு வகை ஒன்று, ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த பின்னும் கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பவே ஓடியாடுவதை அவர் பதிவு செய்தார். பின்னர் ஜெர்மனியில், உயிர்க்கடிகார ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான எர்வின் பூனிங்கிடம் பணியாற்றினார். ஊர் திரும்பி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள குன்றுகளின் குகைகளில் வௌவால்கள் இருந்தன. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவரும் ஜி. மாரிமுத்துவும் சக ஆய்வாளரும் 1981இல் வெளியிட்ட சோதனை இன்றும் வியக்க வைக்கிறது. சில வௌவால்களைக் கூண்டில் அடைத்துக் குகையின் உள்ளே வைத்தார்கள். அங்கே சூரிய வெளிச்சம் எட்டாது. இரவு பகல் தெரியாது. ஆனாலும் அவை தினமும் சரியான நேரத்துக்கு விழித்தன. காரணம், அதே குகையில் சுதந்திரமாக வாழ்ந்த மற்ற வௌவால்கள் மாலையில் கிளம்புவதும் விடியலில் திரும்புவதும் கூண்டுக்குள் இருந்தவற்றுக்குத் தெரிந்தது. துணையே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அந்த ஒழுங்கு நிற்கவில்லை. அவற்றின் உள்கடிகாரம் தன் போக்கில் ஓடி, வெளியுலகின் நாளிலிருந்து விலகிப் போனது. கூட்டம்தான் அவற்றுக்குக் கடிகாரம்.

பதினோரு மணிக்கு மேல் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் பேச்சு களைகட்டும்போது, போனை வைத்துக்கொண்டு விழித்திருக்கும் பிள்ளையை நினைத்தால் அந்தக் கூண்டு வௌவால் நினைவுக்கு வருகிறது. நண்பர்கள் எல்லோரும் விழித்திருக்கும்போது ஒருவன் மட்டும் தூங்கப் போவது வெறும் மனவலிமைச் சோதனையில்லை. மனிதரும் வௌவாலும் ஒன்றல்ல. ஆனாலும் சக உயிர்களின் அசைவு நேரத்தைச் சொல்லித் தரும் என்பதை அந்தக் குகை காட்டிவிட்டது.

மதுரையில் மனிதர்களையும் இப்படித் தனிமையில் வைத்து ஆராய்ந்தார்கள். ஜன்னலில்லாத அறை. கடிகாரம், வானொலி, செய்தித்தாள் எதுவும் கிடையாது. பல நாட்கள் உள்ளேயே வாசம். தோன்றியபோது தூங்கலாம், தோன்றியபோது எழலாம். நாளடைவில் அவர்களின் ‘ஒரு நாள்’ 24 மணி நேரத்தைத் தாண்டி நீளத் தொடங்கும். 1991இல் வெளியான கட்டுரை ஒன்று, அப்படித் தங்கிய ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி இந்தத் தூக்க விழிப்புச் சுழற்சியோடு பிணைந்திருக்கவில்லை என்று காட்டியது. உடலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்கள் தனித்தனியே ஓடுகின்றன.

நம் கடிகாரம் இயல்பிலேயே 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதைத் தினமும் இழுத்துப் பிடித்து உலகத்தோடு ஒட்டவைப்பது முக்கியமாகக் காலை வெளிச்சம். இங்கேதான் நம் புறநகர்ப் பிள்ளைகளின் நாள் கோணலாகிறது. சென்னையில் ஆண்டின் எந்த மாதத்திலும் ஐந்தரைக்கு முன் சூரியன் உதிப்பதில்லை. ஐந்து மணி அலாரம் என்றால் வருடம் முழுக்க இருட்டில் எழுவது. அது மட்டுமில்லை. கடிகாரம் பின்தள்ளிப் போன பிள்ளைக்கு ஐந்து மணி என்பது உடலளவில் இன்னும் நடுராத்திரி. அந்த வேளையில் கண்ணில் படும் பளிச்சென்ற வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்குக் கொண்டுவருவதற்குப் பதில் இன்னும் பின்னுக்குத் தள்ளக்கூடும். விடியற்காலை டியூஷன் மூளையைச் சுறுசுறுப்பாக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்த வயதில் உடல் துணை நிற்பதில்லை.

மற்ற இடங்களில் இதைப் புரிந்து மணியை மாற்றியிருக்கிறார்கள். சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7:50இலிருந்து 8:45க்கு நகர்த்தியது. மாணவர்களின் தூக்கம் ஓர் இரவுக்குச் சராசரியாக 34 நிமிடம் கூடியது. கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இந்தியாவில் மகாராஷ்டிர அரசு 2024இல் ஒன்பது மணிக்கு முன் வகுப்பு வேண்டாம் என்று உத்தரவிட்டது. ஆனால் அது நான்காம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு. சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் எழும் வயது அவர்களுடையது. கடிகாரம் நகர்ந்துபோன பதினாறு வயதுக்கு அப்படியொரு உத்தரவு இன்னும் கூடுதலாகத் தேவை. நம் ஊரில் பள்ளி மணி ஒன்பதை ஒட்டி அடித்தாலும், அதற்கு முன்னால் ஸ்பெஷல் கிளாஸும் டியூஷனும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

தொடங்க வேண்டியது காலையில். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, சூரியன் வந்த பிறகு அரை மணி நேரம் வெளியே இருப்பது — மொட்டை மாடியில் துணி காயப்போடலாம், ரயில் நிலையம் வரை நடக்கலாம், வாசலில் உட்கார்ந்து படிக்கலாம். வீட்டு டியூப்லைட்டைவிட மேகம் மூடிய காலை வானம்கூடப் பல மடங்கு பிரகாசம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை தூங்கவிட்டால் கடிகாரம் மறுபடி பின்னால் போய்விடும். ஒரு மணி நேரம் கூடுதல் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வார நாளுக்கும் விடுமுறைக்கும் இடையிலான இந்த இழுபறிக்கு, விமானப் பயணத்தில் நேரம் குழம்புவதைப் போன்றது என்பதால், ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோனெபெர்க் குழுவினர் ‘சமூக ஜெட்லாக்’ என்று பெயர் வைத்தார்கள்.

டீ, காபி விஷயம் சுருக்கமானது. உடலில் நுழைந்த காஃபின் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. ராத்திரி படிக்க ஏழு மணிக்குக் குடித்த டீயின் காஃபினில் பாதி, நள்ளிரவிலும் உள்ளே இருக்கும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். படுக்கும் முன் நான்கு மணி நேரம் மின்திரையில் புத்தகம் படித்தவர்களைத் தாளில் படித்தவர்களோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், திரையில் படித்தவர்களுக்கு மெலட்டோனின் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. ஆனால் தூங்க ஆன கூடுதல் நேரம் பத்து நிமிடம்தான். திரையின் வெளிச்சத்தைவிட அதற்குள் இருக்கும் பேச்சும் விளையாட்டும்தான் பெரிய திருடர்கள். போனை வேறு அறையில் சார்ஜ் போட்டு, பழைய அலாரம் கடிகாரம் ஒன்றைத் தலைமாட்டில் முகப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால், நள்ளிரவில் மணி பார்க்கும் பழக்கமும் சேர்ந்து போகும்.

விழிப்பு வந்து இருபது நிமிடம் போல் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும் என்பது அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு பூட்சின் 1972இல் வகுத்த முறை. மங்கலான விளக்கில் சலிப்பூட்டும் எதையாவது படித்து, கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படுக்க வேண்டும். படுக்கை என்றால் தூக்கம் என்று உடல் மறுபடி பழக வேண்டும். அதற்காகப் படுக்கையில் படிப்பு, சாப்பாடு, வீடியோ எதுவும் கூடாது. ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. ராத்திரி பாயை விரித்துக் காலையில் சுருட்டி வைக்கும் வழக்கம், பூட்சின் சொன்னதைத்தான் செய்கிறது. பாய் விரித்தால் தூக்கம். சுருட்டினால் அது ஹால். கட்டில் மேலேயே நோட்டுப் புத்தகங்களோடு வாழும் பிள்ளைக்குப் பாய் உண்மையிலேயே நல்ல யோசனை.

சென்னையின் வெக்கைக்கும் ஒன்று செய்யலாம். தூக்கம் வர உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் வெந்நீரில் குளித்தால் தோலுக்கு ரத்தம் ஏறி உள்சூடு வெளியேறுகிறது. தூக்கம் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாக வருகிறது என்று 2019இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. பிறகு மின்விசிறி, கொசுவலை.

கைமருந்துகளில் கவனம் தேவை. பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் பழைய வழக்கம். அளவு கூடினால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரை போகும். அமுக்கரா சில சிறிய ஆய்வுகளில் பெரியவர்களுக்கு ஓரளவு பலன் தந்திருக்கிறது. அரிதாகக் கல்லீரலைப் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. சித்த மருந்துதான் வேண்டுமென்றால் இரண்டு ஸ்டேஷன் தள்ளித் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. கடைப் பொட்டலத்தைவிட அங்குள்ள மருத்துவரிடம் கேட்பது மேல். மெலட்டோனின் மிட்டாயை இணையத்தில் பார்த்து வாங்குவது வேண்டாம். அமெரிக்காவில் விற்ற 25 வகைகளை 2023இல் சோதித்ததில் 22இல் உள்ளிருந்த அளவும் லேபிளும் பொருந்தவில்லை.

சில அறிகுறிகளுக்கு மட்டும் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தக் கூடாது. தினமும் குறட்டை, மூச்சு நின்று திணறி விழிப்பது இருந்தால் டான்சிலோ அடினாய்டோ காரணமாகலாம். படுத்ததும் காலில் குடைச்சல் எடுத்து ஆட்டினால்தான் சுகம் என்றால் இரும்புச்சத்தைச் சோதிக்க வேண்டும்; 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் நாட்டில் இதை லேசாக விடக் கூடாது. மூன்று நான்கு மணிக்கே விழித்து, இருண்ட எண்ணங்களோடு விடியும் வரை கிடக்கும் பிள்ளைக்கு மனச்சோர்வு இருக்கலாம். அன்றே பேச வேண்டும். டெலி-மானஸ் எண் 14416 இலவசம், எந்நேரமும் அழைக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது கையில் ஒரு பழைய நோட்டு இருந்தால் நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி: எத்தனை மணிக்குப் படுத்தது, தோராயமாக எப்போது தூங்கியது, எத்தனை முறை விழித்தது, எப்போது எழுந்தது, கடைசி டீ எப்போது. காலையில் எழுத வேண்டும், இரவில் மணி பார்த்து எழுதக் கூடாது. டியூஷன் இல்லாத நாட்களின் வரிகளைத் தனி நிற மையில் எழுதச் சொல்லுங்கள். யாரும் எழுப்பாத அந்தக் காலைகளில் பிள்ளை தானாகக் கண் திறந்த நேரம், அதன் உள்கடிகாரம் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டிவிடும்.