பட்டியலில் ஏறாத 35 டாலர்

கலிபோர்னியாவின் பாஸதீனாவில் இருக்கிறது நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி. செவ்வாய்க்கு ஊர்திகளை அனுப்பிய கூடம். 2018 ஏப்ரலில் அதன் கணினி வலையமைப்புக்குள் ஒரு திருட்டு நடந்திருப்பது தெரியவந்தது. வெளியே போனவை 23 கோப்புகள், சுமார் 500 எம்பி. அவற்றில் 2 கோப்புகள் க்யூரியாசிட்டி ஊர்தித் திட்டத்தைச் சேர்ந்தவை, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தகவல் கொண்டவை. திருடன் பிடிபடாமல் உள்ளே உலவிய காலம் சுமார் 10 மாதம். அவனுக்கு உதவியது, யாரும் அனுமதி தராமலே வலையமைப்பில் செருகப்பட்டிருந்த ஒரு ராஸ்பெர்ரி பை. அந்த வகைக் குட்டிக் கணினி அப்போது 35 டாலருக்குக் கிடைத்தது.

2019 ஜூனில் நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் தணிக்கை அறிக்கை வெளியிட்டது. சாதனங்களுக்கென்று அங்கே ஒரு பதிவேடு இருந்தது. புதிதாக எது வந்தாலும் அதில் ஏற்ற வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆனால் தணிக்கைக்கு எடுத்துக்கொண்ட 13 அமைப்புகளைக் கவனித்த 11 அட்மின்களில் 8 பேர் தனியாக ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அவ்வப்போது பதிவேட்டில் கையால் ஏற்றினார்கள். பதிவேற்றும் வசதி சில நேரம் வேலை செய்வதில்லை, அப்புறம் மறந்துபோகிறது என்று ஓர் அட்மின் சொல்லியிருக்கிறார். அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையால் எழுதும் பேரேடு எதுவும் இப்படித்தான் பழசாகும்.

எவ்வளவு வேகமாகப் பழசாகும்? ஒரு கணக்குப் போடலாம். 1,200 சாதனங்கள் உள்ள ஓர் அலுவலகம். மாதத்துக்கு 2 சதவீதச் சாதனங்கள் மாறுகின்றன, இடம் பெயர்கின்றன அல்லது கழிக்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் எல்லா மேசையையும் சுற்றி வந்து எடுத்த பட்டியல் 12 மாதத்தில் 78.5 சதவீதமே சரியாக இருக்கும். அதாவது 258 வரி பொய். அந்தச் சுற்றுக்கு ஆன செலவு, சாதனத்துக்கு 5 நிமிடம் என்றாலே 100 மணி நேரம்.

இப்போது இயந்திரத்தின் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு சாதாரணச் சப்நெட்டில் பயன்படுத்தக்கூடிய ஐபி முகவரிகள் 254. ஒவ்வொன்றையும் அழைத்து "இது யாருடையது?" என்று கேட்பது ஏஆர்பி என்ற நெறிமுறையின் வேலை. 1982-இல் எழுதப்பட்டது, இன்றும் ஓடுகிறது. "இருக்கிறாயா?" என்று கேட்கும் பிங்கை அனுப்பினால் கணினியின் ஃபயர்வால் வாய் திறக்காமல் இருந்துவிடலாம். ஏஆர்பிக்குப் பதில் சொல்லாத கணினியோ அந்தச் சப்நெட்டில் யாரிடமும் பேச முடியாது. கேள்வி ஒன்றுக்கு ஈதர்நெட்டில் 64 பைட். 254 முகவரிக்கு 16,256 பைட், ஏறக்குறைய 16 கேபி. தினமும் ஒரு முறை வீதம் 300 நாள் கேட்டால் 48,76,800 பைட். பதில்களையும், பதில் வராத முகவரிகளை இரண்டாம் முறை கேட்பதையும் சேர்த்தால் இரட்டிப்பாகும். அப்போதும் 10 எம்பியைத் தொடாது. பாஸதீனாவில் அந்த 10 மாதத்தில் வெளியேறியது 500 எம்பி. ஒரு சப்நெட்டை அத்தனை நாளும் கேட்டுக்கொண்டே இருந்திருந்தாலும் அதில் 50-இல் ஒரு பங்குகூடச் செலவாகியிருக்காது.

பதிலில் இன்னொன்றும் வரும்: சாதனத்தின் வலையமைப்பு முகப்புக்கு உரிய மேக் முகவரி. அதன் முதல் 3 பைட்டுகள் தயாரிப்பாளரின் முத்திரை. 2018-இல் புழக்கத்தில் இருந்த ராஸ்பெர்ரி பைகளின் முத்திரை பி8-27-ஈபி. ஸ்கேன் செய்யும் மென்பொருள் இதைப் பார்த்த மாத்திரத்தில் சாதனத்தின் பெயரையே எழுதிவிடும். மேக் முகவரியை மென்பொருளால் மாற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால் மறந்துபோய்ச் செருகி வைத்த சாதனத்தில் யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

நேரக் கணக்கு வேறு மாதிரி. பெரிய வலையமைப்பில் 65,534 முகவரிகள். ஒவ்வொன்றுக்கும் 1 விநாடி காத்திருந்து வரிசையாகப் பிங் செய்தால் 18 மணி நேரம். 100 முகவரிகளை ஒரே சமயத்தில் கேட்டால் 11 நிமிடம். ஐபிவி6-க்கு வந்தால் இந்த வித்தை பலிக்காது. ஒரே ஒரு சப்நெட்டில் 2-இன் 64-ஆம் அடுக்கு முகவரிகள். விநாடிக்கு 10 லட்சம் வீதம் தட்டினாலும் 5.8 லட்சம் ஆண்டு. அங்கே ரவுட்டரிடம்தான் கேட்க வேண்டும்: "உனக்குத் தெரிந்த அண்டை வீட்டார் யார்?" எந்தச் சாதனம் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் சொல்லும். ஆனால் அதன் நினைவு குறைவு. சிஸ்கோ ரவுட்டர் ஏஆர்பி வரியை 4 மணி நேரம் வைத்திருக்கும். ஸ்விட்ச் மேக் அட்டவணையை வழக்கமாக 5 நிமிடத்தில் அழித்துவிடும். மணிக்கு ஒரு முறை மட்டும் கேட்கும் மென்பொருளில் "சாதனம் உண்டு, இடம் தெரியாது" என்ற வரிகள் குவிவது இதனால்தான். இரவு 2 மணிக்கு ஸ்கேன் வைத்தால் மடிக்கணினிகள் மொத்தமும் வீட்டுக்குப் போயிருக்கும், அது வேறு.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையான சிசா 2022 அக்டோபர் 3-இல் 23-01 என்ற உத்தரவைப் பிறப்பித்தது. மத்திய அரசின் சிவில் துறைகள் 7 நாளுக்கு ஒரு முறை தானியங்கிச் சாதனத் தேடல் நடத்த வேண்டும். கெடு 2023 ஏப்ரல் 3. சிஐஎஸ் கண்ட்ரோல்ஸ் என்ற பாதுகாப்பு வழிகாட்டியின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்பு அதைவிடக் கறார்: தினமும். இடைவெளியில் எப்போது வேண்டுமானாலும் ஒரு சாதனம் செருகப்படலாம் என்றால், அது கண்ணில் படாமல் இருக்கும் சராசரிக் காலம் இடைவெளியில் பாதி. ஆண்டுக்கு ஒரு தணிக்கை என்றால் 182 நாள். வாரம் ஒன்று என்றால் மூன்றரை நாள். தினமும் என்றால் 12 மணி நேரம்.

இதுவரை எல்லாம் மலிவு. உண்மையான செலவு எண்ணிய பிறகு வருகிறது. ஸ்கேன் எண்ணுவது சாதனங்களை அல்ல, வலையமைப்பு முகப்புகளை. ஒரு மடிக்கணினிக்கு வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு ஒரு மேக், யூஎஸ்பி அடாப்டருக்கு ஒன்று: ஆக 3 வரி. அதே அடாப்டரை 4 பேர் மாற்றி மாற்றிச் செருகினால் 4 கணினிக்கு 1 வரி. ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல் கைபேசிகள் வைஃபைக்கு வைஃபை வேறு மேக் காட்டுகின்றன. அலுவலகத்தில் 3 வைஃபை பெயர் இருந்தால் ஒரே கைபேசி மூன்று பிறவி எடுக்கும். மேக்கின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, ஈ என்றிருந்தால் அது பெரும்பாலும் இப்படிப் புனைந்த முகவரி; அதைச் சொத்தாக எண்ணக் கூடாது.

கோடிக்கணக்கில் செலவழித்தவர்களும் இங்கேதான் இடறினார்கள். அமெரிக்க அரசுத் துறைகளின் வலையமைப்புகளைக் கண்காணிக்கும் திட்டத்தை, 2020 ஆகஸ்டில் வந்த அறிக்கைக்காக, விமானப் போக்குவரத்து நிர்வாகம் உள்ளிட்ட 3 அமைப்புகளில் நாடாளுமன்றத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தது. கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்த அடையாளம் எல்லா இடத்திலும் தரப்படவில்லை. அதனால் வன்பொருள் எண்ணிக்கை சரியாக வரவில்லை என்று அறிக்கை சொன்னது. எனவே பதிவேட்டின் சாவி மேக் ஆகவோ ஐபி ஆகவோ இருக்கக் கூடாது, சீரியல் நம்பராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஸ்விட்ச், பிரிண்டர்களிடம் அதை எஸ்என்எம்பி என்ற மேலாண்மை நெறிமுறை வழியாகக் கேட்டு வாங்கலாம். மடிக்கணினிக்கு உள்ளே அதைச் சொல்லும் ஒரு குட்டி மென்பொருள், அதாவது ஏஜென்ட், வேண்டும்.

பழைய 1,200 சாதனத்துக்கே திரும்பினால், மாதம் 2 சதவீதம் என்பது 24 மாற்றம். ஒவ்வொன்றுக்கும் ஆளைத் தேடி, "இது உங்களுடையதா?" என்று கேட்டு, ஏற்றவோ துண்டிக்கவோ 10 நிமிடம் வைத்தால் மாதம் 4 மணி நேரம், ஆண்டுக்கு 48. மேசை மேசையாகச் சுற்றிய 100 மணி நேரத்தில் பாதிக்கும் குறைவு. பட்டியலும் அன்றன்றைக்குச் சரியாக இருக்கும். முதல் மாதம் மட்டும் பழைய குப்பையெல்லாம் கிளம்பி வந்து இந்தக் கணக்கைப் பல மடங்காக்கும். மென்பொருள் வாங்கக் கேட்கும் குறிப்பில் உரிமக் கட்டணம் இருக்கும், சர்வர் விலை இருக்கும். இந்த 48 மணி நேரம் யாருடையது என்ற வரியையும் அதில் சேர்த்த பிறகே கையெழுத்துப் போடலாம்.