மையவாடியும் மருத்துவ ஆய்வும்

ஒரு சமூகத்தின் நோயை ஆராய முற்படுவோர், அச்சமூகம் தன்னை யாரென்று அறிந்துவைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்ற கருத்தைப் பொதுச் சுகாதாரத் துறைக்குள் வலுவாக நிலைநாட்டியவர்களுள் ஆபிரிக்க அறிஞர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். நைஜீரிய மனநல மருத்துவரான தோமஸ் லம்போ, 1954 முதல் அபெயொகுட்டா நகருக்கு அருகிலுள்ள ஆரோவில், நோயாளரைச் சுற்றுப்புறக் கிராமங்களில் உறவினரோடு தங்கவைத்து, மரபு வைத்தியர்களையும் துணைக்கு அழைத்துச் சிகிச்சையளித்தார். அதே நாட்டில் பிறந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய கொலின்ஸ் ஐரிஹென்புவா, 1989-ஆம் ஆண்டில் 'பென்-3' என்னும் ஆய்வுச் சட்டகத்தை வகுத்தார். ஒரு சமூகத்தின் வழக்கங்களை நன்மை பயப்பவை, தனித்துவமானவை, தீங்கு விளைவிப்பவை என மூவகையாகப் பிரித்தறிவது அதன் முக்கியமான பகுதியாகும். தனித்துவமானவை என்பன, உடல்நலத்துக்கு ஊறு செய்யாமல், ஒரு சமூகத்தை அச்சமூகமாக வைத்திருக்கும் வழக்கங்கள். அவற்றில் சுகாதாரத் துறை கைவைக்கலாகாது என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு.

இவ்வகைப்பாட்டின் பெறுமதியை விளங்கிக்கொள்ள, கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் ஏ-9 வீதியில், பிங்கா ஓயாவின் கரையில் அமைந்த அக்குறணையைப் போன்ற ஒரு முஸ்லிம் ஊரின் மரணச் சடங்கைக் கூர்ந்து நோக்குவது தகும். ஒருவர் மௌத்தானால், அவருடைய உடலை நெருங்கிய உறவினர் ஒற்றைப்படையான தடவைகள் குளிப்பாட்டுவர். முதல் நீரில் இலந்தை இலையும் இறுதி நீரில் கற்பூரமும் கலக்கப்படும். ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து துண்டு என வெள்ளைக் கபன் சீலையால் பொதிந்த பின்னர், குனிதலும் சிரம்பணிதலும் இல்லாத, நின்றவாறே நான்கு தக்பீர்கள் கூறும் ஜனாஸாத் தொழுகை நடைபெறும். பின்பு மையவாடி எனப்படும் அடக்கத்தலத்தில், முகம் மக்காவின் திசையான கிப்லாவை நோக்குமாறு உடல் வலப்புறம் சாய்த்து வைக்கப்படும். இவை யாவும் 'பர்ளு கிபாயா' எனப்படும் கூட்டுக் கடமையாகும். அதாவது, ஊரில் சிலரேனும் நிறைவேற்றினால் அனைவரின் பொறுப்பும் நீங்கும், ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும்.

கொடிய தொற்று பரவும் காலத்தில் இச்சடங்குகளுள் எதை நிறுத்துவது, எதை விட்டுவைப்பது என்ற கேள்விக்கு மேற்கு ஆபிரிக்கா மிகுந்த விலை கொடுத்தே விடை கண்டது. 2013 டிசம்பரில் கினியின் மெலியாண்டு கிராமத்தில் தொடங்கிய எபோலா, 11,000-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. இறந்தவரின் உடலைத் தொட்டுக் குளிப்பாட்டுவது அந்நோய் பரவும் முக்கிய வழிகளுள் ஒன்றாக இருந்தமையால், அவ்வழக்கம் அப்போது ஐயமின்றித் தீங்கு விளைவிப்பதாயிற்று. ஆயினும் லைபீரிய அரசு அத்துடன் நில்லாது, நீர் தேங்கிய நிலத்தில் அடக்கம் செய்வதற்கு எழுந்த எதிர்ப்பின் பின்னணியில், 2014 ஓகஸ்டில் தலைநகர் மொன்ரோவியாவில் எரியூட்டலைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பயன்பட்ட தகனசாலை, அங்கு வாழ்ந்த இந்தியச் சமூகத்தினர் தமக்கென அமைத்திருந்ததாகும். மார்ச் மாதத்தின் இரண்டாம் புதன்கிழமையைக் கல்லறைகளைத் துப்புரவாக்கி அழகுபடுத்துவதற்கென்றே தேசிய விடுமுறையாகக் கொண்ட நாடு லைபீரியா. அங்கு கல்லறையின்றிப் போவது என்பது குடும்பத்தின் நினைவிலிருந்தே துடைக்கப்படுவதாக உணரப்பட்டது. ஆகவே மக்கள் நோயாளரை மறைத்தனர், பிணங்களை இரவோடிரவாகப் புதைத்தனர், சிகிச்சை நிலையங்களை அஞ்சி ஒதுக்கினர். நோயைத் தடுக்கப் பிறந்த கட்டளை நோயைக் கண்ணுக்கு மறைத்தது.

மானிடவியலாளரும் மதத் தலைவர்களும் கலந்தாலோசிக்கப்பட்ட பின், 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பும் கண்ணியமும் பொருந்திய அடக்கத்துக்கான நெறிமுறையை வெளியிட்டது. முஸ்லிம்களைப் பொறுத்தவரை குளிப்பாட்டலுக்குப் பதிலாகத் தயம்மும், அதாவது நீரின்றிச் செய்யும் உலர் தூய்மை, அதில் இடம்பெற்றது. கபனிடுதலும் தொழுகையும் புதைகுழியும் காக்கப்பட்டன. டிசம்பர் இறுதியில் லைபீரியாவில் டிஸ்கோ ஹில் என்னும் இடத்தில் புதிய அடக்கத்தலம் திறக்கப்பட்டு, கட்டாய எரியூட்டல் முடிவுக்கு வந்தது.

இவ்வளவும் எழுத்தில் கிடைத்து ஐந்தாண்டுகள் கடந்த நிலையில் இலங்கை கோவிட் தொற்றைச் சந்தித்தது. 2020 மார்ச் இறுதியில் அக்குறணையும் களுத்துறை மாவட்டத்தின் அட்டுலுகமவும் முற்றாக மூடப்பட்டன. இறந்தோரைப் புதைக்கவும் எரிக்கவும் கூடும் என உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24-ஆம் திகதியே அறிவித்திருந்தும், ஏப்ரல் 11-ஆம் திகதிய வர்த்தமானி, 800 முதல் 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிப்பதை அனைவருக்கும் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுறும் என்பதே சொல்லப்பட்ட காரணம். எபோலாவைப் போலன்றி, கோவிட் முதன்மையாகச் சுவாசத்தின் வழியே பரவுவது; குளிப்பாட்டலைத் தவிர்த்து, உறையிட்டு, ஆழக் குழிதோண்டிப் புதைக்கும் உடலால் அயலார்க்கு நோய் வரும் என்பதற்குச் சான்று காட்டப்படவில்லை. ஐரிஹென்புவாவின் பிரிப்பின்படி நோக்கின் அடக்கம் செய்தல் 'தனித்துவமானது'. அது 'தீங்கு' என்ற பெட்டியில் தள்ளப்பட்டது. இதனைப் பண்பாட்டுப் பிழை என்று மட்டும் குறிப்பது போதாது; இது அறிவியற் பிழையுமாகும்.

அச்சத்தால் வறியோர் மருத்துவமனையை நாடத் தயங்கக்கூடும் என ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர்கள் 2021 ஜனவரியில் எச்சரித்தது, மொன்ரோவியாவில் நடந்ததையே நினைவூட்டுகிறது. அதற்கு முந்திய மாதத்தில், பிறந்து 20 நாளேயான ஒரு முஸ்லிம் சிசுவின் உடல் எரிக்கப்பட்டபோது, பொரளை கனத்தை மயானத்தின் வேலிக்கம்பிகளில் பல இனத்தவரும் வெள்ளைத் துணித்துண்டுகளைக் கட்டினர். கபன் சீலையின் பொருளை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர் கல்லூரியும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டமை இங்கு நன்றியோடு குறிக்கத்தக்கது.

2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. மார்ச் 5 முதல், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் மட்டும் அடக்கம் செய்ய இடமளிக்கப்பட்டது. ஓராண்டுக்குள் அங்கு 3,000-க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர், அவர்களுள் பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஓட்டமாவடியில் மட்டும் அடக்கம் அனுமதிக்கப்பட்ட அந்த ஓராண்டில் கோவிட் தொற்றால் மௌத்தான ஒருவருக்காகக் கபுறடியில் நின்று துஆ ஓத விரும்பும் அக்குறணைக் குடும்பம், ஊர் மையவாடியைக் கடந்து, மலைநாட்டிலிருந்து கீழிறங்கி, கிழக்குச் சமவெளி வரை செல்ல வேண்டியிருக்கிறது.

(தொடரும்)