வழுவும் வழுவமைதியும்: அயல்நாட்டுக் கல்வியில் பேச்சு மரபு

மலேசிய, சிங்கப்பூர் மாணவர்கள் மேற்படிப்புக்காக ஆஸ்திரேலியா செல்வது புதிதன்று. 1951-இல் செயற்பாட்டுக்கு வந்த கொழும்புத் திட்டத்தின் கீழ்ப் பலர் சென்றனர். இன்று குடும்பச் செலவில் செல்வோர் மிகுதி. கடப்பிதழ், கட்டணம், தங்குமிடம், குளிராடை என எல்லாவற்றுக்கும் ஆயத்தம் செய்கிறோம். பேச்சு மரபுக்கு மட்டும் செய்வதில்லை. ஆங்கிலம் அறிந்த பிள்ளைக்கு அது எதற்கு என்று எண்ணுகிறோம். ஆங்கிலம் நன்கு அறிந்தவரே இதில் மிகுதியும் இடர்ப்படக்கூடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழு எங்கே நேர்கிறது?

தமிழ் இலக்கண மரபு திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாகப் பகுக்கும். பால், இடம், காலம் பிறழாமல் ஆங்கிலம் எழுத நம் மாணவர் பள்ளியிலேயே பயின்றுவிடுகின்றனர். அயல்நாட்டில் அவர்களை இடறச் செய்வன எஞ்சிய வினா, விடை, மரபு ஆகியவை. எப்படிக் கேட்பது, எப்படி மறுமொழி கூறுவது, எவரை எவ்வாறு அழைப்பது என்பனவே அவை.

மொழியியலாளர் ஜென்னி தாமஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வுரையில் இவ்வேறுபாட்டின் விளைவைச் சுட்டிக்காட்டினார். இலக்கணப் பிழையைக் கேட்பவர் பிழையென்றே உணர்ந்து, மொழிப்பயிற்சி போதவில்லை என்று பொறுத்துக்கொள்வார். பயன்பாட்டுப் பிழையை அவ்வாறு உணர்வதில்லை. பேசுபவர் பண்பில்லாதவர் என்றோ நட்பில்லாதவர் என்றோ கருதிவிடுவார். சரளமாகப் பேசுபவரிடம் மொழிக்குறை இருக்குமென எவரும் ஐயுறுவதில்லை. ஆகவே பழி அவர் குணத்தின்மேல் விழுகிறது.

கேட்டலும் மறுத்தலும்

‘தண்ணீர் கொடுங்கள்’ என்னும் தொடரில் மரியாதை வினையின் ஈற்றில் உள்ளது. ஆங்கில வினைக்கு அத்தகைய ஈறு இல்லை. சொல்லுக்குச் சொல் மாற்றினால் மரியாதை உதிர்ந்து, ஏவல் மட்டும் எஞ்சும். ஆங்கிலம் மரியாதையை வேறிடத்தில் வைக்கிறது. ஏவலை வினாவாக்குகிறது, ‘ப்ளீஸ்’ சேர்க்கிறது, ‘தேங்க்யூ’ சொல்லி முடிக்கிறது. சோறிட்ட தாய்க்கு நன்றி கூறினால் நம் வீட்டில் அது அந்நியமாக ஒலிக்கும். அங்கோ பேருந்தை விட்டு இறங்குபவர் ஓட்டுநருக்கும் நன்றி கூறுவது இயல்பு.

மறுத்தலும் அவ்வாறே. விருந்தினர் முதலில் ‘வேண்டாம்’ என்பதும், வீட்டார் மீண்டும் வற்புறுத்துவதும் நம் வழக்கம். அங்கு ஒருமுறை மறுத்தால் அதுவே விடையாகக் கொள்ளப்படும். இருமுறை கேட்பார் என்று காத்திருப்பவர் பசியோடு திரும்ப நேரும். வீட்டாரோ அவர் விருப்பத்தை மதித்ததாகவே எண்ணுவர்.

அழைத்தல்

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளரைப் பெயர் சொல்லி அழைப்பது பரவலான வழக்கம். ‘சார்’, ‘டீச்சர்’, ‘சிக்கு’ என்று பழகிய நாவுக்கு இது எளிதில் வருவதில்லை. ஆங்கில ‘யூ’ நமக்குரிய ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாட்டையும் காட்டாது. பெயரும் சொல்ல இயலாமல், ஏற்ற விளியும் கிட்டாமல், மாணவர் முதலில் அழைப்பதைத் தவிர்ப்பார். பின்னர்ப் பேசுவதையே தவிர்ப்பார். கலந்துரையாடல் வகுப்பில் இம்மௌனம் மரியாதையாகத் தோன்றாது. படித்து வரவில்லை என்றே பொருள்படும். பங்கேற்புக்கு மதிப்பெண் உள்ள பாடத்தில் அது குறையும். அதனினும் பெரிய இழப்பு, இடர் நேரும்போது விரிவுரையாளரை அணுகி உதவி கேட்கத் தயங்குவதாகும்.

இதனால் அந்நாட்டார் மூத்தோரை மதியாதவர் என்று முடிவு செய்தல் தகாது. நம் உணவுக்கடைகளில் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்பவை இயல்பான மரியாதைச் சொற்கள். மெல்பர்னில் கடைக்காரரை அவ்வாறு விளித்தால் வியப்படைவார். அதே நாட்டில் பூர்வகுடி மூப்பர்களை அச்சொற்களாலேயே மதிப்புடன் அழைக்கின்றனர். சொல் ஒன்று, மரபு வேறு.

சொல்லில் மறைந்த வழக்கு

விருந்துக்கு அழைக்கும் ஆஸ்திரேலியர் ‘பிரிங் எ பிளேட்’ என்றால், பகிர்ந்துண்ண ஓர் உணவு கொண்டுவருக என்பது பொருள். வெறுந்தட்டுடன் சென்று நின்ற புதியவர்களின் கதைகள் அங்கு நெடுங்காலமாக வழங்குகின்றன. ‘சீ யூ லேட்டர்’ என்பது சந்திப்புக்கான உறுதிமொழியன்று. நாம் ‘போய் வருகிறேன்’ என்று விடைபெறுவதும் திரும்பும் நாளைக் குறிப்பதன்று. நம் ஆங்கிலத்திலும் இத்தகையன உண்டு. மலாய் ‘இக்குட்’ என்பதன் பொருளில் ‘நானும் ஃபாலோ பண்ணலாமா’ என்கிறோம். உடன் வரலாமா என்பதே நம் கருத்து. அதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டால், பின்தொடர்வதாகக் கொண்டு அங்குள்ளோர் திகைப்பர்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை

புறப்படுமுன் வகுப்பறையிலேயே மூன்று பயிற்சிகள் தரலாம். ஒரே வேண்டுகோளை நண்பர், விரிவுரையாளர், அலுவலர் ஆகிய மூவரிடமும் கேட்கச் செய்தல். ஒரு கருத்தை மரியாதையுடன் மறுத்துப் பேசச் செய்தல். ‘உங்களை எப்படி அழைக்கலாம்’ என்று தயக்கமின்றிக் கேட்கப் பழக்குதல். சென்ற பின் மாணவர், பிறர் கேட்கும் முறையையும் மறுக்கும் முறையையும் உற்றுநோக்கிக் குறித்து வருதல் நலம். ஒருவர் சொல் சுருக்கெனத் தைத்தால், அது குணமா வழக்கா என்று முதலில் ஆராய வேண்டும்.

தம் மரபு போய்விடுமோ என அஞ்சுவோருக்கு இலக்கணமே விடை கூறுகிறது. ஒருவரைப் பன்மையாற் குறிப்பது வழக்கில் உயர்வு கருதி வருவதேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று என்பது தொல்காப்பியர் கருத்து. ‘நீங்கள்’ என்று நாம் காட்டும் மரியாதையே காரணம் பற்றி ஏற்கப்பட்ட வழுவமைதி. அவ்வாறே, அங்குப் பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதும் அம்மரபு ஏற்ற அமைதி. ஊர் திரும்பியதும் ‘ஐயா’ என்று அழைக்க அது தடையாகாது. ‘எங்கள் ஊரில் ஆசிரியர்முன் அமைதி காப்பது மரியாதை’ என்று அங்குள்ளோருக்கு எடுத்துரைக்கவும் மாணவர் கற்க வேண்டும். காரணத்தைச் சொன்னால்தான் கேட்பவரும் நம் வழுவை அமைதியாக ஏற்க இயலும்.